புரளி புறப்பட்ட வீடு

அன்புள்ள மச்சானுக்கு, உங்க தங்கச்சி வீட்டுக்காரன் வணக்கம் சொல்லி எழுதுவது. அங்கே உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்க.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். நானே கிளப்பிய புரளியைக் கேட்டு நானே பயந்துபோனேன்.

போன தடவை நர்சம்மா வந்து தடுப்பூசி போட்ட மறுநாள், கையைத் தூக்க முடியவில்லை என்று பெரியவன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டான். சாயங்காலம் அதே கையால் பந்து எறிந்தான். இதைக் கடையில் ஒருத்தருக்குச் சொல்லிக்கொண்டே சவரம் செய்தேன். பந்து எறிந்த கதைக்கு வருவதற்குள் சவரம் முடிந்துவிட்டது, அவர் போய்விட்டார்.

இங்கே போனில் தட்டிப் பார்க்க டவர் ஏது? வாயில் வருவதுதான் செய்தி. மூன்று மாதம் சுற்றிவிட்டு அது என்னிடமே வந்தபோது, ஊசி போட்டதில் நாலு பிள்ளைகளுக்குக் கை விளங்காமல் போய்விட்டது என்று வளர்ந்திருந்தது. ஐயோ, சின்னவளுக்கு ஊசியே வேண்டாம் என்றுவிட்டேன்.

அடுத்த தெருவில் ஒரு குழந்தை தட்டம்மையில் மூச்சு வாங்கிக் கிடந்தது. நர்சம்மா மறுநாள் ஒருநாள்தான் வருவார், விட்டால் இன்னும் மூன்று மாதம். ஒரு வீடும் அசையவில்லை.

உங்க தங்கச்சி சண்டைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டில், "அக்கா, இதை உனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டாள். தையற்காரி என்றதும், "செருப்பை மாட்டு, அவகிட்டயே கேட்போம்" என்று கூட்டிப்போனாள். தையற்காரி பால்காரரைச் சொல்ல, அவரும் கூட நடந்தார். இப்படிச் சேர்ந்து பதினொரு பேர் என் கடை வாசலில் நின்றார்கள். முடிவெட்டத்தான் கூட்டம் என்று நான் துண்டை உதறினேன். கடைசி ஆள் என்னைக் கைகாட்டினார்.

பெரியவனைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் பந்து எறிய வைத்தாள். "உன் வாய்க்குத்தான்யா ஊசி போடணும்" என்றார் பால்காரர். விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் சின்னவளைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நின்றேன். பின்னால் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். தட்டம்மையில் கிடந்த அந்தக் குழந்தையும் தேறி இப்போது பால் குடிக்கிறது.

யோசித்துப் பார்த்தால், அவள் ஒருத்தரையும் பொய்யன் என்று சொல்லவில்லை மச்சான். என்னைக்கூட. நீங்க அவளுக்கு நல்லதாக ரெண்டு வரி எழுதிப்போடுங்க. நான் சொன்னால், புதுசாக எதையோ கிளப்புகிறேன் என்பாள்.

இப்படிக்கு,
உங்க தங்கச்சிக்கு வாய்த்தவன்

எழுத விட்டுப்போனது: ஊசி போட்டது என் கடையில்தான். எல்லாம் முடிந்து நர்சம்மா என் சுழல் நாற்காலியில் சாய்ந்தார். முதுகுப்பலகை கழன்றுவிட்டது. மருந்துப் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.