இரும்பு இடுக்கி

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். பாப்பாவுக்குச் சளி குறைந்ததா?

நான் வளர்த்த ஃப்ளோரைடு படிகத்தை ஆய்வகத்துச் சீனியர் தன்னுடையதாக்கிக்கொண்டார். "புள்ளய விட்டுட்டு வந்தவளுக்குக் கவனம் எங்க இருக்கும்?" என்று சிரிப்பு வேறு. மின்சாரமும் காந்தமும் ஒன்றாகக் குடியிருக்கும் படிகம் அது, கடுங்குளிரில்தான் காந்தமாகும். அவர் அதை இரும்பு இடுக்கியால் எடுத்ததைப் பார்த்தேன். இரும்புத்துகள் ஒட்டினால் காந்தம் அளக்கும் கருவி குளிரில்லாமலே காந்தம் என்று காட்டும். நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று கூட்டத்தில், "ரூம் சூட்டுலயே காந்தம்!" என்று மார்தட்டினார். "எந்த இடுக்கியால எடுத்தீங்க சார்?" என்றேன். முகம் வெளுத்துவிட்டது.

அப்போதே சொல்லியிருந்தால் படிகத்தைச் சுத்தம் செய்திருக்கலாம், அதற்குள் சோதனைக்காகத் துகளோடு சேர்த்துப் பொடியாக அரைத்துவிட்டார். இனி புதிதாக வளர்க்க வேண்டும், விடுமுறைக்கு வர முடியாது. பரவாயில்லை, அந்த முகத்தைப் பார்த்தேனே!

பாப்பாவின் துவைக்காத சட்டை ஒன்றை அனுப்பு. நான் வரவில்லை என்று அவளிடம் நீயே சொல்லிவிடு, அம்மா.

அவசரத்தில்,
உன் மகள்