கேட் வரை ஒரு பச்சைக் கோடு

1937 ஏப்ரல் 6, செவ்வாய்

மாப்பிள்ளை தாணுவும் மகள் நீலாவும் காலை ரயிலில் கொல்லத்துக்குப் போனார்கள். பாலம் வேலை; மே கடைசியில்தான் திரும்புவார்கள். வண்டியில் ஏறும்போது மாப்பிள்ளை சொன்னது இரண்டு. "மாமா, புல்தரை வாடக்கூடாது. ஜூன் கழிஞ்சதும் சீப் எஞ்சினியர் டீக்கு வாரார்." பிறகு, "கிணத்தடிக்கு வெளியாள் யாரும் வரக்கூடாது."

சரி என்றேன். தாலுகா கச்சேரிக் குமாஸ்தாவாக முப்பது வருஷம் சொன்ன வார்த்தை அதுதான். மகள் வீட்டில் இருக்கிறவன் வேறென்ன சொல்ல?

ஏப்ரல் 15

கோடைமழை இல்லை. கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கிணற்றை அளந்தேன். தண்ணீர் இரண்டு முழம் இறங்கியிருக்கிறது. மாலையில் புல்லுக்கு நாலு வாளி.

ஏப்ரல் 22

எதிர்ச் சந்து ராகேல் இடுப்பில் குடத்தோடு கேட்டில் நின்றாள். சந்துக் கிணறு வற்றிவிட்டதாம். "மகாராஜா எல்லாருக்கும் கோயிலத் தொறந்துட்டாருன்னு பேசுதாங்க ஐயா. நான் வேதக்காரி, சர்ச்சு இருக்கு; எனக்குக் கிணத்தத் தொறந்தாப் போதும்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே விட்டால் மாப்பிள்ளை சொல்லை மீறினதாகும். விடாவிட்டால்?

கடைசியில் நானே இறைத்து, புல்தரை வழியாகத் தூக்கிப் போய், கேட்டுக்கு வெளியே அவள் குடத்தில் ஊற்றினேன். அவள் உள்ளே வரவில்லை, ஆகவே மீறவில்லை. இது நியாயமா, வக்கீல் வேலையா?

ஏப்ரல் 27

கிணறு இரண்டுக்கும் தாங்காது. புல்லுக்கு ஊற்றுவதை நிறுத்திவிட்டேன்.

மே 9

புல்தரை வைக்கோல் நிறம். மிதித்தால் நொறுங்குகிறது. ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தேன். உயிர் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"பாதி வாளிதான் எனக்குக் கிட்டுது, மிச்சத்தை உங்க முற்றம் குடிக்குது" என்கிறாள் ராகேல். என் கையில் வலுவில்லை, வழியெல்லாம் வாளி தளும்புகிறது.

மே 18

இன்றுதான் கண்ணில் பட்டது. கிணற்றிலிருந்து கேட் வரை, காய்ந்த தரை நடுவே, ஒரு சாண் அகலத்தில் பச்சைக் கோடு. நான் சிந்திய இடமெல்லாம் துளிர்த்திருக்கிறது. வளைந்து வளைந்து, என் நடையைப் போலவே. மாப்பிள்ளை பார்த்தால் தீர்ந்தது.

வைக்கோல் போட்டு மூடினேன். பிறகு எடுத்துவிட்டேன். இருக்கிற பச்சை இது ஒன்றுதானே.

மே 23, ஞாயிறு

வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை பெட்டியைக்கூட இறக்கவில்லை. பச்சைக் கோட்டோடேயே நடந்து கிணற்றடியில் போய் நின்றார்.

"யாருக்கு மாமா சுமந்தீங்க?"

சொன்னேன்.

"அவ உள்ள வந்தாளா?"

"வரலை. நான்தான்..."

"எழுபது வயசுல." கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். "சீப் எஞ்சினியரை எங்க உக்கார வைக்கது, இந்த வைக்கோப்போர்லயா?"

திட்டாமலே பெட்டியோடு உள்ளே போனார். அதுதான் பயமாக இருக்கிறது. நீலா என் உள்ளங்கையைத் திருப்பி, கயிறு உரித்த இடத்தைப் பார்த்தாள்.

மே 24

ராகேல் வந்தாள். வாளியை எடுக்கப் போனேன். நீலா பிடுங்கிக் கிணற்றுச் சுவரில் வைத்தாள். "உக்காருங்கப்பா. அவளுக்குக் கை இல்லியா? உள்ள வந்து தண்ணி கோரிட்டுப் போட்டும்."

மாப்பிள்ளை முகத்துக்கு நேரே பேப்பரைப் பிடித்திருந்தார். பக்கம் திருப்பவில்லை. ராகேல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"வா" என்றேன். நானா சொன்னேன்?

ஜூன் 3

மழை.

ஜூன் 14

தரை முழுக்கப் பச்சை. வேர் சாகவில்லை.

ஜூலை 2

நேற்று சீப் எஞ்சினியர் வந்தார். புல்தரையை மெச்சினார். என் கோடு எது என்று இப்போது எனக்கே தெரியவில்லை. கேட்டிலிருந்து கிணறு வரை மட்டும் செம்மண் தெரிய ஒரு ஒற்றையடித் தடம். சந்துக் கிணற்றில் இன்னும் கலங்கல்தான். ராகேல் தினமும் நடக்கிறாள், புல் முளைக்கவில்லை.

"இங்கே மட்டும் ஏன் இப்படி?" என்று அவர் கேட்டார்.

"கிணத்துக்குப் போற வழி" என்றார் மாப்பிள்ளை.