அழைப்பை வெட்டியவள் எழுதுவது

குருநகர்,
மார்கழி, ஞாயிறு காலை.

அன்பும் மதிப்பும் குறையாத பெரியண்ணை கிறகோரிக்கு,

தங்கை யசிந்தா எழுதுகிறேன். பேர்கன் நகரத்துக் குளிரில் நீங்கள் நலமாக இருக்கவேண்டும். இங்கே நான் நலம். என் கணவர், உங்கள் மச்சான் றஞ்சித்தும் நலம். புயலுக்குப் பிறகும் வீடு நிற்கிறது. இவ்வளவையும் உங்கள் காதிலேயே சொல்ல விரும்பினேன். நீங்களோ என் அழைப்பை எடுப்பதில்லை. ஆதலால், பேர்கனில் இருக்கும் தன் கணவரிடம் புறப்படும், நம் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கும் லவீனாவின் பயணப்பையில் இக்கடிதத்தை வைக்கிறேன். கைத்தொலைபேசிக் காலத்திலும் ஒருத்தியைத் தாளும் மையும் எடுக்க வைத்துவிட்டீர்கள், வாழ்க.

உங்கள் சினத்தின் காரணத்தை லவீனாவின் கணவர் வழியாக அறிந்தேன். “ஊருக்கெல்லாம் கதைக்கிறாள், எனக்குத்தான் போனை வெட்டுறாள்” என்றீர்களாம். ஓம் அண்ணை, வெட்டினேன். மறுக்கவில்லை. ஏன் வெட்டினேன் என்பதை மட்டும் எவரும் உங்களுக்குச் சொல்லவில்லை. வெளிநாட்டில் ஒருவருக்கும் தெரியவேண்டாம் என்று றஞ்சித் கேட்டுக்கொண்டார். அவருக்கு வெட்கம். நேற்றுத்தான் எழுதச் சம்மதித்தார்.

புயல் நெருங்கிய அன்று காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. பிற்பகலில் றஞ்சித்தும் அவருடன் கடலுக்குப் போகும் சிமியோனும் படகைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகக் கரைக்குச் சென்றார்கள். அதே வேளையில் என் கைத்தொலைபேசி ஓயாமல் ஒலிக்கத் தொடங்கியது. பாரிசிலிருந்து சின்னம்மா, இலண்டனிலிருந்து அவர் மகள், கனடாவிலிருந்து மாமா. செய்தியைப் பார்த்த அனைவரும் ஒரே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். ஒரே விடையை எல்லோருக்கும் சொன்னேன். அன்பு அவ்வளவும் என் மின்கலத்தைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. அன்று அது எனக்குத் தோன்றவேயில்லை.

கடைசியில் நீங்கள் வந்தீர்கள். படிவரை வெள்ளம் வந்ததா, கூரைத் தகரம் இருக்கிறதா என்று கேட்டபின், படகுக்கு இரட்டைக் கயிறு போடச் சொல்லு என்று தொடங்கினீர்கள். கடலில் இருபது ஆண்டு நின்றவர் நீங்கள். எந்தக் கயிறு, எந்த முடிச்சு என்று விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அப்போது என் காதருகே சிறிய ஒலியொன்று கேட்டது. வேறோர் அழைப்பு. திரையைப் பார்த்தேன். றஞ்சித்தின் பெயர். மின்கலத்தின் கோடு சிவந்திருந்தது. உங்கள் சொல்லின் நடுவிலேயே உங்களை வெட்டினேன்.

அவர் பேசியது ஒரே மூச்சில்: “கயிறு அறுந்திட்டுது. மண்டைதீவுப் பக்கம் கண்டல் காட்டுக்கை நிக்கிறம். சிமியோன்ரை கால் நசிஞ்சு போச்சு.” அந்தளவில் என் கைத்தொலைபேசி அணைந்தது.

அண்ணை, இன்னும் ஒரு முடிச்சைப் பற்றி நீங்கள் சொல்லி, நானும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தால், அந்தக் குரல் எனக்குக் கிடைத்திராது. முன்னரும் பலமுறை அழைத்தாராம். ஒவ்வொரு முறையும் நான் வேறொருவருடன் பேச்சில் இருந்தேன்; அந்தச் சிறிய ஒலி என் காதில் ஏறவில்லை. இதை உங்களைக் குற்றம் சாட்டுவதற்காக எழுதவில்லை. அவ்வாறு நினைத்தீர்களானால் தாளைக் கிழித்துவிடுங்கள்.

கடற்றொழிலாளர் சங்கத்துக்கு ஓடினேன். இளைஞர்கள் உழவு இயந்திரத்தில் பண்ணைப் பாலம் வழியாகச் சென்று, இடுப்பளவு நீரில் இறங்கி இருவரையும் தூக்கி வந்தார்கள். இருட்டியிருந்தால் கண்டலுக்குள் தேடியிருக்க முடியாது என்றார்கள். சிமியோனுக்கு இரண்டு கால்விரல்கள் போயின, பாதம் தப்பியது. படகு இன்னும் கண்டலில் சாய்ந்து கிடக்கிறது. றஞ்சித் போட்டிருந்தது ஒற்றைக் கயிறு. அவருடைய வெட்கம் அதுதான். நீங்கள் ஏசுவீர்கள் என்று இந்நேரம்வரை அஞ்சுகிறார்.

அடுத்த இரண்டு நாளும் கோவில் மண்டபத்தில் தங்கினோம். அங்கே ஒரேயொரு மின்பிறப்பாக்கி; கைத்தொலைபேசிகளோ மலையளவு. மின் ஏற்றும் இடத்தில் கைகலப்பு வரப்பார்த்தது. காணாமல் போனவர்களின் வீட்டாருக்கே முதலிடம் என்று ஒலிவாங்கியை வாங்கி முழங்கினேன். யசிந்தாவுக்கு மைக்கைக் குடுத்தால் புயலே பயந்து இந்தியாவுக்குப் போயிடும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது; மண்டபம் சிரித்தது; சண்டை ஓய்ந்தது. அந்த முழக்கத்தை எவரோ படம்பிடித்து முகநூலில் போட, தங்கை இறந்தாளோ என்று உறங்காதிருந்த நீங்கள் அதைத்தான் பார்த்தீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சினந்திருப்பேன்.

மின் ஏற்றியபின் உங்களை எத்தனையோ தடவை அழைத்தேன். போகவில்லை. ஆனால் என் பக்கத்தில் நின்ற லவீனா பேர்கனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள். அவள் கணவரின் மறுமொழியும் வந்தது! நம் கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரியும் மண்டைதீவுக்கு அழைப்புப் போகவில்லை. பனிமலைகளுக்கு அப்பாலிருந்து விடை வருகிறது. இவ்விந்தை என்னை விடவில்லை. கைத்தொலைபேசிக் கோபுரத்தடிக்குச் சென்று, அங்கே வேலை செய்யும் ஜெயசுதனைப் பிடித்துக் கேட்டேன். அழைப்பென்றால் பேசி முடியும்வரை ஒரு வழியைப் பிடித்து வைத்திருக்குமாம். எல்லோரும் ஒருங்கே அழைத்தால் வழியெல்லாம் அடைபட்டுவிடுமாம். குறுஞ்செய்தியோ சிறு இடைவெளி கிடைத்தாலும் நுழைந்துவிடுமாம், கிடைக்காவிட்டால் காத்திருக்குமாம். எங்கே காத்திருக்கும், யார் அதை வைத்திருப்பார், எத்தனை நாள் வைத்திருப்பார் என்று நான் அடுக்கவே, “உதெல்லாம் என்னட்டைக் கேளாதேங்கோ அக்கா, நான் டீசல் ஊத்திற ஆள்” என்று அவன் கைகூப்பினான். விடை தெரிந்தவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கோபுரத்தடியிலிருந்தே உங்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். அதற்குள் நீங்கள் காணொளியைப் பார்த்துவிட்டீர்கள்.

வங்கக் கடலில் மீண்டும், புயலாக மாறக்கூடிய தாழமுக்கம் உருவாகிறதென்று வானொலி சொல்கிறது. இம்முறை நம் ஒழுங்கையினர் கூடி ஒரு முடிவெடுத்தோம். ஒவ்வொரு வீடும் ஒரேயொரு குறுஞ்செய்தி அனுப்பும். அனைத்தும் மின்சாரம் அறாத ஊரிலுள்ள ஒருவருக்கே போகும். பாரிசும் இலண்டனும் கனடாவும் அவரிடம்தான் கேட்கவேண்டும். நாங்கள் ஒருவரையொருவர் தவறவிட்டாலும் அவரிடம்தான் கேட்போம். அந்த ஒருவர் யார் என்று கேட்டபோது, உங்களைக் கேளாமலே உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். சிமியோன் கட்டிலில் இருந்தபடியே முதலில் கையுயர்த்தினார்.

ஆகவே, புயல் வேளையில் என்னை அழைக்கவேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இப்படியொரு வரியைத் தமையனுக்கு எழுத நேருமென்று நான் நினைத்ததில்லை. அவ்வேளையில் என் அமைதியை அன்பின்மை என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆனால் இக்கடிதம் கிடைத்த அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் உங்களை அழைப்பேன். எடுங்கள் அண்ணை. மச்சானைக் கயிற்றுக்காக ஏசுங்கள், என்னைக் காணொளிக்காக ஏசுங்கள். எவ்வளவு நேரமென்றாலும் ஏசுங்கள். நீங்களாக வைக்கும்வரை நான் வைக்கமாட்டேன்.

ஆண்டவர் உங்களுக்குத் துணையிருப்பாராக.

என்றும் உங்கள் தங்கை,
யசிந்தா