ஏழு யானையும் ஒரு கேள்வியும்

என் தங்கையைக் கட்டிய தங்கமே, மாப்பிள்ளை சேவியர்,

சின்னக்கானலில் இன்றைக்கும் மூடுபனி. தேயிலைக்காடு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நீ இருந்தால் கேட்டிருப்பாய்: "ஏன் மச்சான், பனி இறங்குனா எல்லாரும் மெதுவாப் பேசுறோம்? பனிக்குக் காது இருக்கா?"

எத்தனை கேள்விகள்! கொட்டாவி ஏன் தொத்துகிறது? வழுக்கி விழுந்தவன் வலியைப் பார்க்காமல் ஏன் முதலில் சுற்றுமுற்றும் பார்க்கிறான்? கொழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவன் நான். பள்ளிக்கூடத்தில் ஏழாவதோடு நான் நின்றது, எட்டாவதில் எனக்குச் சொல்லித்தர ஆளில்லாததால்தான். உனக்கே தெரியும்.

ஒரே ஒரு கேள்விக்குத்தான் வாயடைத்துப்போனேன். நான் தனியாளாக அதட்டி விரட்டிய யானைக் கதை. நாம் இருவரும் செடிக்கடியில் படுத்துக்கிடந்தோம் என்பாய்; அதை விடு. "ஒத்த யானை இப்ப ஏழாயிருச்சு. பொய்யின்னு தெரிஞ்சும் ஏன் மச்சான் ஆளுங்க திரும்பத் திரும்பக் கேக்குறாங்க?" என்றாய்.

நேற்று கல்லறைத் திருநாள். உன் மகள் ஜெசி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். உன்னோடு சண்டை போட்டுக் கல்யாணம் கட்டிப் போனவள், போன வருடம் நீ கண்மூடிய பிறகுதான் வந்து சேர்ந்தாள். அன்றைக்கு அவள் அழுததைப் பார்த்து, "கடைசியா 'என் செல்லம் வந்துட்டாளா'ன்னு கேட்டாரும்மா" என்று சொல்லிவிட்டேன். நீ எதுவுமே கேட்கவில்லை. உறக்கத்திலேயே போய்விட்டாய்.

அந்தப் பொய் மட்டும் எனக்குச் செரிக்கவில்லை. உடைத்துச் சொல்லிவிடத்தான் நேற்று உன் கல்லறைக்கு வந்தேன்.

உன் தலைமாட்டில் மெழுகுவர்த்தி காற்றுக்கு நிற்கவில்லை. கையால் மறைத்துக்கொண்டு, "ஜெசி, ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"தெரியும் மாமா. அப்பா என்னைய ஒரு நாளாவது செல்லம்னு கூப்பிட்டிருக்காரா? கழுதன்னுதான கூப்பிடுவாரு."



அவளும் சுடரின் மறுபக்கம் கை வைத்தாள். பனியில் எங்கள் கைகளும் வெளிச்சமும்தான் தெரிந்தன.

"இன்னொரு தடவ சொல்லுங்க மாமா."

சொன்னேன். "'என் கழுத வந்துட்டாளா'ன்னு கேட்டாரும்மா." சிரித்தபடியே அழுதாள். குரலைத் தாழ்த்தித்தான் அழுதாள். பனிக்குக் காது இருக்கிறதோ என்னவோ.

பொய்யென்று தெரிந்தும் ஏன் திரும்பக் கேட்கிறார்கள் என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை, மாப்பிள்ளை. அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அவள் கேட்கும்போதெல்லாம் சொல்வேன். ஏழு யானை எழுபதானாலும் ஆகட்டும்; இந்தக் கதையில் மட்டும் ஒரு சொல்லும் கூட்ட மாட்டேன்.

உன் கழுதைக்குத் தாய்மாமன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
மிக்கேல்