பதினான்காம் நம்பர் வீட்டில் ஆறு புள்ளிகள்

ஸ்ரீரங்கம்,
மாசி மூன்றாம் தேதி.

மரியாதைக்குரிய ஆபிதா டாக்டரம்மாவுக்கு, அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்சந்தில் பதினான்காம் நம்பர் வீட்டில் இருக்கும் வெள்ளைச்சாமி சொல்லி எழுதுவது. நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

நீங்கள் விசாரித்தது முக்கொம்பில் மதகுகள் உடைந்த வருஷத்தை. கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் தண்ணீரில் சாய்ந்ததும் அந்த ஆவணியில்தான். தீபாவளி முடிந்து கஜா புயல் வந்தது. புயல் வந்தபோது என் மனைவி ரங்கநாயகி இறந்து ஐம்பது நாள் கடந்திருந்தது. நீங்கள் அந்த வருஷத்தை நம்பர் போட்டுச் சொன்னீர்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வருஷத்தை இப்படித்தான் வைத்துக்கொள்வேன்.

போன மாதம் நீங்கள் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து காட்டினீர்கள். நான் ஸ்ட்ரெச்சர் தள்ளிய அந்த ஆஸ்பத்திரியில் அட்மிஷன் ஆனவர்களின் கணக்கை ஒன்றேகால் வருஷம் மனுப்போட்டு வாங்கியதாகச் சொன்னீர்கள். பெயர்களை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், வயது, ஆணா பெண்ணா, கதவு நம்பர், தேதி, நோய் மட்டும்தான் இருக்கும், அதுதான் முறை என்றும் சொன்னீர்கள். அதை ஊர் வரைபடத்தில் ஆளுக்கு ஒரு புள்ளியாக வைத்திருந்தீர்கள். ஊர் முழுக்க ஒன்றிரண்டாகக் கிடந்த சிவப்புப் புள்ளி என் வீட்டின் மேல் மட்டும் ஆறு இருந்தது. ஆறும் வாந்திபேதி. பன்னிரண்டு நாளைக்குள் ஆறு.

வெயிலில் வந்திருக்கிறீர்களே என்று குழாய்த் தண்ணீர் ஒரு சொம்பு கொடுத்தேன். குடிக்காமல் பாட்டிலில் ஊற்றி மூடி ஒட்டிவிட்டீர்கள். எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே, டாக்டரம்மாவுக்கு உங்க வீட்டுத் தண்ணி அவ்வளவு பிடிச்சுப்போச்சா, பார்சல் கட்டிக்கிட்டுப் போறாங்க?" என்று இன்றும் கேட்கிறார். நீங்கள் கேட்டது எல்லாம் குழாயைப் பற்றி. குழாயைப் பற்றிச் சொன்னேன். புள்ளியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை. வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். ரங்கநாயகி போனதிலிருந்து எனக்கு எல்லாமே அப்படித்தான். மரத்துப்போன காலில் எறும்பு ஊர்வது தெரியும், கடிப்பது தெரியாது.

இந்த மாதம் இருபதாம் தேதி உங்கள் அறிக்கை மாநகராட்சிக்குப் போகிறது என்றும், அது போனால் எங்கள் சந்தில் குழாயைத் தோண்டி மாற்றிவிடுவார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மா, அந்த ஆறு பேரில் என் வீட்டு ஆள் ஒருத்திதான்.

மற்ற ஐந்து பேரும் கொள்ளிடத்துக்கு வடகரையில் உள்ள செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து தகர ஷெட்டில் குடியிருந்தார்கள். வெள்ளம் ஏறி இறங்கியபின் அவர்களுக்கு வாந்திபேதி கண்டது. விடிகாலையில் ஒரு லாரி வந்து ஆஸ்பத்திரி கேட்டில் இறக்கிவிட்டுப் போனது. சூளையின் பெயரைச் சொன்னால் வேலை கிடையாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அட்மிஷன் ஜன்னலில் எழுதுகிற பிச்சமுத்து முதல் ஆளைப் பார்த்து, "எந்தத் தெரு, என்ன நம்பர்?" என்று கேட்டார். அந்த மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். விலாசம் போடாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் நகராது. நகராவிட்டால் சீட்டு வராது. சீட்டு இல்லாமல் வார்டில் படுக்கை கொடுக்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. விலாசம் இல்லாமல் செத்தால் அனாதைப் பிணம் என்று அட்டை கட்டிவிடுவார்கள். நான் எத்தனையோ அட்டை பார்த்திருக்கிறேன்.

"என் விலாசத்தைப் போடுங்க தம்பி" என்றேன்.

"உங்களுக்கு என்னண்ணே உறவு?"

"போடுங்க. சொந்தம்தான்."

போட்டார். அடுத்த ஆளுக்கும் அதையே சொன்னேன். மூன்றாவது ஆளுக்கு அவர் என்னைக் கேட்கவே இல்லை. ஒரு எழுத்தைத் தட்டியதும் கம்ப்யூட்டரே என் விலாசத்தை எடுத்துக் கொடுத்துவிட்டது. "உங்க வீடு என்னண்ணே, சத்திரமா? சொந்தக்காரங்க வந்துக்கிட்டே இருக்காங்க" என்று பிச்சமுத்து சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்க வந்தது.

இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பவரும் அந்தப் பிச்சமுத்துதான். வேறு யாரிடமும் சொல்லி எழுதலாம். ஆனால் அன்றைக்குத் தப்பாக எழுதிய கை இன்றைக்குச் சரியாக எழுதட்டும் என்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். அவருக்கு ரிட்டையர் ஆக இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. மேலே அவர் பெயர் வரும் இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு, "என் பேரையும் போடணுமாண்ணே?" என்றார். பிறகு அவராகவே எழுதினார். அவருக்குக் கெடுதல் வராமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தப்பு என்னுடையது.

ரங்கநாயகியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த ஐந்து பேரில் ஒரு சின்னப் பெண் உண்டு. எட்டு வயது. அவளுடைய அம்மா வார்டிலேயே இறந்துவிட்டாள். அப்பா இன்னும் படுக்கையில் இருந்தார். பிள்ளைக்குக் குணமாகி டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார்கள், கூட்டிப்போக ஆள் இல்லை. விலாசம்தான் நம் வீட்டு விலாசம் ஆயிற்றே என்று கூட்டிவந்தேன். "ஏங்க, இம்மாம் பிள்ளையை இப்படி நாத்தத்தோட கூட்டியாந்திருக்கீங்களே" என்று ரங்கநாயகி என்னைத்தான் திட்டினாள். குளிப்பாட்டி, அந்த அழுக்குத் துணியை எல்லாம் கையாலேயே அலசிப்போட்டாள். கூடவே படுக்க வைத்துக்கொண்டாள். நாலாம் நாள் அவளுக்குக் கண்டது. அதே ஸ்ட்ரெச்சரில் நான்தான் தள்ளினேன். அவளுக்கு மட்டும் விலாசம் பொய் இல்லை. உங்கள் ஆறாவது புள்ளி அது.

எங்கள் சந்தில் வேறு ஒரு வீட்டிலும் யாரும் படுக்கவில்லை. குழாயில் குற்றம் இருந்தால் மளிகைக்கடைக்காரர்தான் முதலில் படுத்திருப்பார், நாளைக்கு இரண்டு குடம் குடிக்கிற ஆள். எங்கள் குழாயை மாற்றினால் எங்களுக்கு நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே தோண்டிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். வடகரைக்கு யாரும் போகமாட்டார்கள்.

மாட்டுப்பொங்கலன்று பஸ் ஏறி அங்கே போய்ப் பார்த்தேன். ஷெட்டுகள் அப்படியே இருக்கின்றன. கிணறும் அதே கிணறு, மேலே ஒரு வலை போட்டிருக்கிறார்கள். பத்தடி தள்ளிக் கக்கூஸ் குழி. முப்பது குடும்பம் குடிக்கிறது. நான் டாக்டர் இல்லை, கிணறுதான் காரணம் என்று நான் சொல்லக் கூடாது. அந்தத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்து மூடி ஒட்டுங்கள். எனக்கு அங்கே ஒரு டம்ளர் கொடுத்தார்கள். குடித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

கம்ப்யூட்டரில் என் வீட்டின் மேல் இருக்கும் ஐந்து புள்ளியை எடுத்து ஆற்றைத் தாண்டி வையுங்கள். ஒன்றை மட்டும் இங்கேயே விட்டுவிடுங்கள்.

உங்களிடம் பெயர்கள் இல்லை. என்னிடம் இருக்கின்றன. வயதும் தேதியும் உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் நான் சொல்வது மெய் என்று தெரியும். அறுபது வயது ஆண், முதல் நாள் வந்தவர், மாரப்பன். தரையைப் பார்த்தவர் அவர்தான், அன்று மாலையே இறந்தார். பத்தொன்பது வயதுப் பெண் அஞ்சலை, அதே நாள், கல்யாணமாகி மூன்று மாதம், மறுநாள் இறந்தாள். முப்பத்திரண்டு வயது காத்தாயி, மூன்றாம் நாள் இறந்தாள். அவள் புருஷன் பாவாடை, நாற்பத்தொன்று. அவர் பிழைத்து எழுந்து மகளைக் கூட்டிக்கொண்டு அதே சூளைக்குப் போனார். கொரோனா இரண்டாவது தடவை வந்தபோது ஷெட்டிலேயே இறந்துவிட்டார், அது எந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் இருக்காது. ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ரங்கநாயகி.

உங்களுக்கு நீண்ட ஆயுள் இருக்கட்டும். இருபதாம் தேதிக்குள் ஒருமுறை ஆற்றைத் தாண்டிப் போய்வாருங்கள். போனால், அத்தையோடு கல் அடுக்கிக்கொண்டிருக்கும் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி உங்களுக்கும் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவாள். அந்தக் கிணற்றிலிருந்துதான் எடுத்துவருவாள். வாங்கிக் குடித்துவிடாதீர்கள், அவளையும் குடிக்க விடாதீர்கள். ஆறு புள்ளியில் இன்னும் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான். பெயர் விஜயராணி.

வெள்ளைச்சாமி, இடது கைப் பெருவிரல் ரேகை.