தொண்ணூற்றொரு மார்க்கும் ஒரு கேதமும்

ஜூன் 9, திங்கள்

மதுரையில் இரண்டு நாள் பயிற்சி முடிந்து கானாடுகாத்தான் வந்து சேர்ந்தேன். உணர்வு நுண்ணறிவில் எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. வந்திருந்த ஹோட்டல் மேனேஜர்கள் முப்பது பேரில் நான்தான் முதல். சான்றிதழை ரிசப்ஷனில் மாட்டச் சொன்னேன். வாட்ச்மேன் ஏகப்பன் ஆணியைக் கோணலாக அடித்தான். திட்டவில்லை. "எனக்கு இப்போது கோபம் வருகிறது" என்று அறிவித்துவிட்டு, கண்ணை மூடிப் பத்து வரை எண்ணினேன். கண்ணைத் திறந்தால் ஆளைக் காணோம்.

ஜூன் 10

சமையல்கார மலையம்மாள் வரவில்லை. கொத்தமங்கலத்தில் அவருடைய தம்பி செம்மலை மாரடைப்பில் போய்விட்டாராம். பாவம். உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: "உங்கள் துயரத்தை அங்கீகரிக்கிறேன். உங்கள் உணர்வுகள் அனைத்தும் செல்லுபடியாகும்." கேதத்துக்கு, துக்கம் கேட்க, நேரில் போயிருக்கலாம்தான். ஆனால் துக்கத்தில் இருப்பவருக்கு இடைவெளி கொடுக்க வேண்டும் என்பது மூன்றாம் பாடம்.

நீல டிக் வந்துவிட்டது. பதில்தான் இல்லை.

ஜூன் 12

கேதத்துக்குப் போனீகளா இல்லையா என்று என் மனைவி அபி கேட்டாள். உன் கேள்விக்குள் ஒரு பதற்றம் ஒளிந்திருக்கிறது, அதைக் கவனி என்றேன். சாப்பாட்டில் ரசம் இல்லை. அவளுக்கு இன்னும் பயிற்சி போதாது.

ஜூன் 16, திங்கள்

மலையம்மாள் வேலைக்கு வந்தார். முகம் வாடிக் கிடந்தது. விடுவேனா? பயிற்சியில் கொடுத்த, உணர்வு வட்டம் அச்சடித்த கலர்த் தாளை அடுக்களைக்கே கொண்டுபோய், முப்பத்தாறு உணர்வுகளில் இப்போது எதில் இருக்கிறீர்கள், அதன்மேல் ஒரு புள்ளி வையுங்கள் என்றேன். அவர் வெங்காயம் அரிவதை நிறுத்தினார்.

"எந்தம்பி கேதத்துக்கு ஊரே வந்துச்சு. நீங்க வரலை. இப்பப் பேப்பருல பொட்டு வைக்கச் சொல்றீக."

குரலை உயர்த்தவே இல்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். கோபம், ஆரஞ்சு நிறம் என்று நானே புள்ளி வைத்தேன்.

ஜூன் 17

வரவில்லை. ஃபோனும் எடுக்கவில்லை. நான்கு அறைக்காரர்கள் குழம்பைத் திருப்பி அனுப்பினார்கள். அபியிடம் புலம்பினேன்.

"உங்கப்பா இறந்தப்ப நம்ம வீட்டுல அடுப்பெரியலை. மூணு நாளும் பஸ் ஏறிச் சோறு கொண்டாந்தது யாரு? அந்த அக்கா பாடம் படிச்சுட்டா வந்தாக?"

மறந்தே போச்சு — எப்படி மறந்தேன்? பதினோரு வருசமா அவுக கையால சாப்பிடுறேன். அவுக வீடு எந்தத் தெருன்னுகூடத் தெரியாது. என்ன மனுசன் நான்?

ஜூன் 18

கொத்தமங்கலம் போய், வழி கேட்டுச் செம்மலை வீட்டைக் கண்டுபிடித்தேன். சட்டைப்பையில் ஐந்து ஆறுதல் வாக்கியங்கள் எழுதிய அட்டை. வாசலில் செம்மலையின் மகன் முத்துக்கண்ணன் மொட்டைத்தலையுடன் உட்கார்ந்திருந்தார். வழக்கப்படி இரண்டு கைகளையும் நீட்டினேன். அவர் தொட்டார். ஆண்கள் கேதம் கேட்பது அவ்வளவுதான், அதற்கு வார்த்தையே கிடையாது. உள்ளிருந்து வந்த மலையம்மாள் என்னைப் பார்த்ததும் குரலெடுத்து அழுதார். அட்டையை எடுக்கத் தோன்றவில்லை. நானும் அழுதேன். செம்மலைக்காகவா, என் அப்பாவுக்காகவா, தெரியவில்லை. அரை மணி நேரம் பெஞ்சில் இருந்தேன். கேத வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. சொல்லாமல் எழுந்து வந்தேன்.

ஜூன் 20

காலையில் அடுக்களையில் தாளிக்கும் வாசனை. எட்டிப் பார்த்தேன். மலையம்மாள்.

ஜூலை 2, புதன்

ஏகப்பன் விடுப்புக் கேட்டார். எதற்கென்று கேட்டேன். நெற்குப்பை ஊரில் மாமனார் தவறிவிட்டாராம். மாலையில் நான் பைக்கை எடுத்தபோது, மலையம்மாளும் பின்னால் ஏறிக்கொண்டார். நெற்குப்பை நெருங்கும்போது என் தோளைத் தட்டினார்.

"அங்குட்டுப் போயி எதுவும் பேசிராதீக, தம்பி. வந்து நின்னாலே போதும்."