தூங்குமூஞ்சி அன்னமும் பழைய கார்டும்

ஜூலை 20, ஞாயிறு

சாயங்காலம் மழை. பரண் ஒழுகல். அப்பா மேலே ஏறி, தறியில் மாட்டும் டிசைன் கார்டு (ஓட்டை குத்திய அட்டை) மூட்டைகளை ஒழுகாத பக்கம் தள்ளினார். நான் ஸ்டூல் மேல் நின்று வாங்கினேன். ஒரு மூட்டை அவிழ்ந்து, அன்னபட்சி கார்டு மாலை மாலையாக என் தலையில் விழுந்தது.

அம்மா: "தூங்குமூஞ்சி அன்னம் தூங்குமூஞ்சி மேலயே வுழுந்துச்சு பாரு."

தூங்குமூஞ்சி நான். காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்று அப்பா வைத்த பேர். அன்னத்துக்கு அந்தப் பேர் வந்தது எலியால். போன வருஷம் எலி ஒரு கார்டைத் தின்றுவிட்டது. நூலும் டிசைனும் கொடுக்கிற முதலாளிக்குத் தெரிந்தால் செட் முழுக்க நம் தலையில் கட்டுவார் என்று, அப்பாவே ஒரு அட்டையில் ஓட்டை குத்தி இடையில் கோர்த்தார். கண் வர வேண்டிய இடத்திலும் ஒரு ஓட்டை விழுந்துவிட்டது. ஓட்டை இருந்தால் ஜரிகை ஏறும். கண் மூடிக்கொண்டது. கரை முழுக்க எல்லா அன்னமும் தூக்கம். மூன்று புடவை அப்படியே நெய்து கொடுத்தாயிற்று, முதலாளி பார்க்கவில்லை. இது வீட்டு ரகசியம்.

என் ரகசியம் வேறு. அண்ணனுடைய கம்ப்யூட்டர்.

ஓசூர் வேலைக்குப் போகும்போது எனக்கு விட்டுப் போனான். அப்பாவைப் பொறுத்தவரை அது பள்ளி ப்ராஜெக்ட் செய்ய. கேம் ஆடுவதைப் பார்த்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். செய்வார். அண்ணனுடைய கிரிக்கெட் பேட்டை அடுப்பில் வைத்தவர்.

புது அப்டேட் வந்ததிலிருந்து கேம் நின்று நின்று ஓடுகிறது. நஸ்ரின் ஹெட்போனில் சிரிக்கிறாள்: "நீ செத்துப் போய் கொஞ்ச நேரம் கழிச்சுதாண்டி உனக்கே தெரியுது." அவளைத் தவிர எனக்கு டீமில் யாரும் கிடையாது. அவளும் வேறு ஆளைத் தேடுகிறாளோ என்று சந்தேகம்.

மாற்ற வேண்டியவை:
ரேம் - அண்ணன் பழையது ஒன்று அனுப்பினான். பார்சலை கைடு என்று சொல்லி வாங்கினேன்.
ஹார்ட் டிஸ்க் - இழுக்கும் வரை இழுக்கட்டும்.
பவர் சப்ளை - தொட முடியாது. அதனால் தனியாக வயர் கேட்காத கிராஃபிக்ஸ் கார்டுதான் வேண்டும்.
கிரா. கார்டு - செவிலிமேட்டில் ஒரு அக்கா விற்கிறாராம். நஸ்ரின் கண்டுபிடித்தாள். என் பழைய கார்டைக் கொடுத்து, மேலே கொஞ்சம் கொடுத்தால் போதுமாம். பெரியம்மா என் சடங்குக்கு வைத்த பணம் இருக்கிறது.

ரொம்ப மலிவு. அதுதான் இடிக்கிறது. நல்ல கார்டை ஏன் இந்த விலைக்குக் கொடுக்க வேண்டும்?

ஜூலை 22, செவ்வாய்

வெயில். கெமிஸ்ட்ரி டெஸ்ட் மோசம்.

அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரம், அம்மா போனில் செவிலிமேட்டு அக்காவைக் கூப்பிட்டேன். பின்பக்கம், துவைக்கிற கல் மேல் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு. பிட்காயின் மைனிங்குக்கு ராத்திரி பகலாக ஓட்டின கார்டா என்று கேட்டேன்.

"இன்னாமா போலீஸ் மாதிரி கேக்கற. நான் டெய்லி மெட்ராஸ் போய்ட்டு வரவ. கேம் ஆடவே நேரம் இல்லாம தூசி புடிச்சிக்கினு கிடக்குது. வந்து மாட்டிப் பாத்துட்டு எடுத்துக்கோ."

இப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள். சரி, சனிக்கிழமை வருகிறேன் என்றேன். நான் பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன், ஏனென்று கீழே.

"பழைய கார்ட நானே எடுத்துக்கினு வரேங்கா. வெளிய போனதே வீட்ல யாருக்கும் தெரியாது. அப்பாக்கு தெரிஞ்சா கொன்னுடுவாரு."

அப்போது தறிச் சத்தம் நின்றது.

அப்பா தறியை நிறுத்தினால் ஒரு விதம் உண்டு. கடைசி ஊடை நூலை அடித்து, ஒரு மூச்சு விட்டு, தறிக் குழியிலிருந்து எழுந்திருப்பார். இது அப்படி இல்லை. ஊடை நூலோடு ஓடும் நாடா பாதி வழியில் இருக்கும்போதே நின்ற மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் அமைதி. பிறகு மறுபடி ஓடியது, மெதுவாக.

கேட்டுவிட்டார். நிச்சயம்.

ஆனால் சாப்பிடும்போது எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 24, வியாழன்

பள்ளியிலிருந்து வந்தால் வாசலில் முதலாளி வண்டி. உள்ளே போகாமல் சந்து வழியாகப் பின்பக்கம் போனேன். முதலாளி குரல்:

"கார்டு வெளிய போயிருக்குது, ஏகாம்பரம். உன் வூட்லருந்தா இல்லையான்றதுதான் கேள்வி."

என் கார்டு இன்னும் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறது, எங்கே போயிற்று, இவருக்கு யார் சொன்னது, நஸ்ரினா? பையைக் கட்டிக்கொண்டு குளியலறைக்குள் நின்றேன்.

அப்புறம்தான் புரிந்தது. டிசைன் கார்டு. அன்னபட்சி. முதலாளிக்கென்றே போட்ட டிசைன் அது. இப்போது பெரிய கடை ஒன்றின் கண்ணாடியில் அதே கரையோடு புடவை தொங்குகிறதாம். முதலாளி அந்த செட்டைக் கொடுத்தது மூன்று வீட்டுக்கு மட்டும். எங்கள் வீடு ஒன்று. யார் கொடுத்தார்கள் என்று தெரிந்தால் அந்த வீட்டுக்கு இனி பாவு நூல் கிடையாது. பாவு இல்லை என்றால் தறியில் ஏற்ற ஒன்றும் இல்லை. வேறு முதலாளியும் கொடுக்க மாட்டார்.

"போட்டோ அனுப்பிக்கிறேன் பாரு," என்றார்.

"பாக்கறேன் முதலாளி."

அப்பா பார்க்கவில்லை. போன் அம்மாவிடம்தான் இருந்தது, அம்மாவும் திறக்கவில்லை.

எனக்கு நிம்மதி. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நிம்மதி. நல்ல வேளை, என் கார்டு இல்லை.

மற்ற இரண்டு வீடுகளில் எது? அதில் ஒருவரான மேலண்டை வீட்டுக்காரர் புதுசாக பைக் வாங்கியிருக்கிறார்.

ஜூலை 26, சனி

புழுக்கம். பஸ்ஸில் நிற்க இடமில்லை.

ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு நஸ்ரினுடன் செவிலிமேடு. பழைய கார்டு, துண்டில் சுற்றி சாப்பாட்டுப் பையில். பையை மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்து கண்டக்டர், "இன்னாமா, கொழந்தையா, டிக்கெட் எடுக்கணுமா?" நஸ்ரின் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் பின் கண்ணாடி வழியாக ஒரு பச்சை மொபெட் தெரிந்தது. அப்பாவுடையது மாதிரி. ஊரில் பச்சை மொபெட் எத்தனையோ இருக்கும்.

அக்கா வீடு புதுசு, பெயிண்ட் வாசனை. அவர் கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டினார். நான் பின்பக்கத் திருகில் கீறல் இருக்கிறதா, விசிறி ஆடுகிறதா, சீரியல் எண் ஒட்டின ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா என்று எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதுவும் சந்தேகமாக இருந்தது.

அக்கா நஸ்ரினிடம்: "உன் ஃபிரண்டு கல்யாணத்துக்கு மாப்ள பாத்தா கூட இப்டிதான் பாப்பாளா?"
நஸ்ரின்: "ஸ்டிக்கர் கிழிஞ்சிருந்தா வேணான்னுடுவா கா."

வாங்கினேன்.

வெளியே வந்தபோது தெரு முனையில் டீக்கடை. பச்சை மொபெட். ஹேண்டிலில் ஊதாப் பை. எங்கள் வீட்டுப் பைதான். ஆள் உள்ளே, முதுகு காட்டிக்கொண்டு.

ஓடிப்போய் பஸ் ஏறினோம்.

அப்பா எனக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தார். "கிளாஸ் முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுதுப்பா." அவ்வளவுதான். நேராகப் பரண் ஏறினார். மூட்டையை அவிழ்த்தார், கட்டினார். இறங்கி வந்து தண்ணீர் குடித்தார்.

இந்த வாரம் ஒரு தடவைகூட என்னைத் தூங்குமூஞ்சி என்று கூப்பிடவில்லை.

கார்டு மாட்டியாயிற்று. வேலை செய்கிறது. கேமில் தண்ணீர் தண்ணீராகவே தெரிகிறது, புல் தனித்தனியாக. ஆனால் ஆட மனசில்லை. ஒரு மேட்சோடு நிறுத்திவிட்டேன். அப்பா எதற்குக் காத்திருக்கிறார்? அண்ணனிடம் சொல்லப் போகிறாரா? பையன் யாரையாவது பார்க்கப் போனேன் என்று நினைக்கிறாரா? இரும்புக்கடைக்காரருக்குச் சொல்லிவிட்டாரா?

ஜூலை 28, திங்கள்

தறி காலி.

நெய்து முடித்து அறுத்த புடவையை நேற்று கொண்டு போனவர், பாவு இல்லாமல் திரும்பி வந்தார். குழி ஓரத்தில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். விசிறி சத்தம்கூடக் கேட்கிறது, இத்தனை நாள் அது கேட்டதே இல்லை.

அம்மா என்னிடம் பேசவில்லை. தட்டை வைத்தாள், தள்ளினாள். "இன்னாமா ஆச்சு?" என்று மூன்றாவது தடவை கேட்டதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

"எவ்ளோக்குடி வித்த?"

"எதம்மா?"

"கார்ட. இன்னும் எதன்ற. செவிலிமேட்ல யாருக்கோ குடுத்தியே, அத."

கேம் விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அழுதேன். "தப்புதாம்மா, பெரியம்மா காசும் சேர்த்து குடுத்தேன்," என்றேன். அம்மா புரியாமல் பார்த்தாள். விற்றவள் எதற்கு மேலே காசு கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு இடித்திருக்கும். ஆனால் அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க அப்பா நேத்து முதலாளி வூட்ல போய், நான்தான் குடுத்தேன்னு ஒத்துக்கினு வந்துட்டாரு. பொண்ணு பேரு வெளிய வரக் கூடாதாம். முன்னயே எடுத்துக்கினு போய் காப்பி அடிக்க வுட்டுட்டு திருப்பி வெச்சிட்டா, சனிக்கெழம காசு வாங்கத்தான் போயிருக்கா, கொழந்த, தெரியாம செஞ்சிட்டான்றாரு. மூட்டைய அவுத்துப் பாத்துட்டு அழுதாருடி."

அப்போதுதான் கேட்டது. நான் பேசியது எனக்கே கேட்டது. பழைய கார்ட நானே எடுத்துக்கினு வரேங்கா. வெளிய போனதே வீட்ல யாருக்கும் தெரியாது.

ஒரே வார்த்தை. இந்தத் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"அம்மா, அது கம்ப்யூட்டர் கார்டும்மா."

"எந்த கார்டா இருந்தா இன்னா, ஒத்துக்கினு வந்துட்டாரே." உள்ளே போய்விட்டாள். நம்பினாளா தெரியவில்லை. நான் சொன்னால் முதலாளி நம்புவாரா? ஒத்துக்கொண்டவன் மறுநாள் பெண்ணைக் கூட்டி வந்து கதை சொல்கிறான் என்பார்.

அந்த போட்டோ. யாரும் இன்னும் பார்க்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

பள்ளிக்குப் போகவில்லை. காலையில் அம்மா போனிலிருந்து போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கடைக் கண்ணாடியில் டியூப் லைட் அடிக்கிறது, புடவை கொஞ்சம் மங்கல். பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். கட்டம் கட்டமாக உடையும் வரை.

அன்னத்துக்குக் கண் இருந்தது. கரை முழுக்க, ஒவ்வொன்றுக்கும். எல்லாம் முழித்துக்கொண்டு என்னைப் பார்த்தன.

அப்பாவைக் கூப்பிட்டேன். வரவில்லை. அம்மா போய், "எழுந்து வாய்யா," என்றாள். வந்து நின்றார். முதலில் போட்டோவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பிறகு மானிட்டரில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்தார். விரலால் ஒரு அன்னத்தைத் தொட்டார், அடுத்ததை, அடுத்ததை.

"இது நம்ம கார்டு இல்ல."

"ஆமாப்பா. நம்மளத காப்பி அடிச்சிருந்தா இதுவும் தூங்கிருக்கும்."

"இத நான் அன்னிக்கே பாத்திருந்தா..." பார்த்தால் நம் கார்டுதான் என்று உறுதியாகிவிடும் என்று பயந்துதான் பார்க்காமல் இருந்தார். வேறு என்ன.

நான் போனிலேயே காட்டலாம் என்றேன். கேட்கவில்லை. "சின்னதுல காட்டினா சந்தேகப்படுவாரு. இதே காட்டணும்." எல்லாவற்றையும் கழற்றி, பழைய புடவையில் சுற்றி, மொபெட்டில் நடுவில் மானிட்டர், மடியில் சிபியு, கால் நீட்ட இடம் இல்லாமல் நான். தெருவே பார்த்தது. மேலண்டை வீட்டுக்காரர், "இன்னா ஏகாம்பரம், வூடு மாத்தறியா?" என்றார். அப்பா வண்டியைக் கிளப்பினார். நான் அந்த வீட்டுப் புது பைக்கைப் பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடி ஏதாவது தோன்றும்.

முதலாளி வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். ஒரு பக்கம் கடைப் புடவை போட்டோ. இன்னொரு பக்கம் அப்பா நெய்த புடவை, முதலாளியின் அலமாரியிலிருந்தே எடுத்து வரச் சொல்லி நான் பிடித்த போட்டோ. முதலாளி கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், போட்டார்.

"அப்போ நான் வித்த ரெண்டு புடவைலயும், இதுலயும், குருட்டு அன்னமா?"

"தூங்குது முதலாளி," என்றார் அப்பா.

"எலி தின்னுச்சின்னு அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"பயம்."

"செய்யாதத செஞ்சேன்னு சொல்ல மட்டும் பயம் இல்ல."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கார்டு கதையை முழுசாகச் சொன்னேன், கேம் உட்பட, அப்பா பக்கத்தில் நிற்கும்போதே. முதலாளி வீட்டு அம்மாள் கதவுக்குப் பின்னால் சிரித்தது கேட்டது. அவர் சிரிக்கவில்லை. அலமாரிப் புடவையைத் தனியாக வைத்தார், அதற்குக் கூலியில் பிடிப்பேன் என்றார். நாங்கள் வாசல் வரை வந்த பிறகு முதுகுக்குப் பின்னால் சொன்னார்: "காலைல வந்து பாவு எடுத்துக்கினு போ. மத்த ரெண்டு வூட்ல நான் கேட்டுக்கறேன்."

வீட்டில் எல்லாவற்றையும் மறுபடி மாட்ட அப்பா விடவில்லை. சிபியுவைத் தரையில் வைத்து, "காட்டு," என்றார். பக்கத் தகடு திறந்தேன். கார்டைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். இரும்புக்கடை ஞாபகம் வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பார்த்தார்.

"ஓட்டையே இல்லியே," என்றார். "அப்புறம் எப்டி படம் வருது?"

பார்த்து மாட்டு என்று திருப்பிக் கொடுத்தார். கேமைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் இப்போது சந்தேகமாக இருக்கிறது. நாளைக்கு...

கூடத்திலிருந்து குரல். "லைட்ட அமத்திட்டு படு, தூங்குமூஞ்சி."